பழைய காரும் ஈர நெல்லும்

அறுவடைக் காலம் வந்துவிட்டால் தஞ்சைத் தரணியின் தார்ச்சாலைகள் பாதி களமாகிவிடும். கொள்முதல் நிலையத்தில் "ஈரம் அதிகம், எடுத்துப்போய்க் காயவை" என்று திருப்பிவிடப்பட்ட நெல்லை, வேறு போக்கிடம் இல்லாமல் சாலையோரம் பரப்பி, காலால் துழாவித் துழாவிக் காயவைப்பார்கள் நம் உழவர்கள். பேருந்து ஓட்டுநர்களும் அதை அறிந்து, ஒதுங்கிப் போவார்கள்.

அப்படி நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாளில், திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், டீக்கடை ஒன்றில் நாம் நின்றுகொண்டிருந்தோம். தரையோடு தரையாகப் படுத்தாற்போன்ற சிவப்புக் கார் ஒன்று வந்தது. இருவர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். நெல்லின் மீது ஏற்றினால் அடிப்பாகம் தட்டும், ஒதுங்கினால் பள்ளம். ஆமை போல ஊர்ந்து, உறுமி, ஒருவாறாகக் கடந்து போயிற்று. பக்கத்தில் நின்ற சுமைதூக்கும் தோழர் கேட்டார்:

"அண்ணே, இது சீமையிலேருந்து கப்பல்ல வந்த வண்டியாம்ல? நம்ம மொபெட்டுக்கு வரி புடிச்ச மாதிரி இதுக்கும் புடிப்பாங்களா?"

நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்.

பிடிப்பார்கள் தோழரே, நன்றாகவே பிடிப்பார்கள். சட்டத்தின் ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள புதிய கார் ஒன்று சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 2025 மத்திய பட்ஜெட்டில் வகுத்த கணக்குப்படி, இத்தகைய விலையுயர்ந்த காருக்கு அடிப்படைச் சுங்கம் 70 விழுக்காடு. அதன்மேல் 'வேளாண் கட்டமைப்பு மேம்பாட்டு வரி' என்று 40 விழுக்காடு. ஆக 110. கார் இப்போது 2 கோடியே 10 லட்சம். இந்த மொத்தத்தின் மீது ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு, 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அதுதான் வீதம். அது ஒரு 84 லட்சம். வண்டி துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது 2 கோடியே 94 லட்சம். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்த் தஞ்சையின் டி.என். 49 என்றோ, குடந்தையின் டி.என். 68 என்றோ எண் வாங்க வேண்டுமல்லவா? 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள்கால வரி 20 விழுக்காடு. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது. அது 58 லட்சத்துச் சொச்சம். ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆயிற்று.

நம் தோழர் இதை மூட்டைக் கணக்கில் கேட்டார். 2025-26 பருவத்தில் சன்னரக நெல்லுக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். நாற்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு 1,018 ரூபாய். அப்படியானால் அந்த ஒற்றைக் காரின் விலை, முப்பத்து நாலாயிரத்து அறுநூறு மூட்டைக்கும் மேல். அவர் முதுகைத் தடவிக்கொண்டார். அத்தனை மூட்டையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அந்த முதுகுக்குத் தெரியும்.

இன்சூரன்சையும் சொல்லிவிடுவோம். அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. எதிரே வருகிறவனுக்கு நேரும் சேதத்துக்காகக் கட்டாயம் எடுக்கவேண்டிய இன்சூரன்சுக்குப் பெயர் 'மூன்றாம் தரப்பு'. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட கார் எதுவானாலும் ஆண்டுக்கு 7,897 ரூபாய். ஓட்டை அம்பாசடரானாலும் சரி, ஓடுவதில் புயலான பெர்ராரியானாலும் சரி, அதே கட்டணம்! தோழரின் 100 சி.சி. மொபெட்டுக்கு 714. தன் வண்டிக்கே நேரும் சேதத்துக்கு எடுக்கும் இன்சூரன்சுதான் வண்டியின் மதிப்பைப் பார்த்து ஏறும். மூன்று கோடி வண்டிக்கு அது லட்சங்களில் போகும். அந்தப் பிரீமியத்துக்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு.

ஆனால் காசு கட்டிய பிறகு நடப்பதைப் பாருங்கள். காரில் ஒரு கீறல் விழுந்தால் சர்வேயர் வருகிறார், குனிந்து பார்க்கிறார், அந்தக் காரின் அந்தக் கதவுக்கு எவ்வளவு என்று தனியாகக் கணக்கெழுதுகிறார். நம் சம்பா வயலுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவன் பங்கு ஒன்றரை விழுக்காடு. மகசூல் சரிந்தால் யார் வயலைப் பார்க்கிறார்கள்? வருவாய்க் கிராமத்தில் சில இடங்களில் சோதனை அறுவடை செய்து, கிராமத்துச் சராசரியைப் பார்க்கிறார்கள். உன் வயல் பதராகிப் போயிருக்கலாம். கிராமத்துச் சராசரி நன்றாயிருந்தால் உனக்குக் காசில்லை. காருக்குத் தனி முகம் உண்டு, வயலுக்கு அது கிடையாது!

சரி, வரிக்குத் திரும்புவோம். "இவ்வளவு வரி வாங்குகிறார்களே, நல்லதுதானே அண்ணே" என்றார் தோழர். வாங்கினால் நல்லதுதான். வாங்கிய கதை ஒன்று இருக்கிறது. அது வேறெங்கோ நடந்ததல்ல, தஞ்சைக்குப் பக்கத்து விளார் கிராமத்தோடு தொடர்புள்ள கதை.

விளாரில் பிறந்தவர் ம. நடராசன். 1965 மொழிப்போரில் மாணவராக நின்றவர். பின்னாளில் அரசியல் வட்டாரங்களில் செல்வாக்கோடு விளங்கியவர். மறைந்த மனிதரைத் தூற்றுவது நம் வேலையல்ல. அவருடைய அரசியலும் இங்கே நமக்குப் பொருளல்ல. நீதிமன்றம் சொன்னதை மட்டும் சொல்கிறோம். 1994-ல் லண்டனிலிருந்து லெக்சஸ் கார் ஒன்று வந்தது. ஜப்பான் டொயோட்டா நிறுவனத்தின் பணக்காரப் பிள்ளை அந்த லெக்சஸ். வந்தது புத்தம்புதிய கார்; காகிதத்தில் எழுதியிருந்ததோ 1993-ஆம் ஆண்டைச் சேர்ந்த, பயன்படுத்திய கார் என்று. பயன்படுத்திய கார் என்றால் மதிப்புக் குறையும். மதிப்புக் குறைந்தால் சுங்கமும் குறையும். அரசுக்கு இழப்பு ஒரு கோடியே ஆறு லட்சம் ரூபாய் என்பது வழக்கு.

ஒரு கார் புதிதா, பழையதா என்று பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? நம் பட்டறைப் பையன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவான். சர்க்காருக்கு எவ்வளவு நாள் பிடித்தது தெரியுமா? கார் வந்தது 1994-ல். சென்னை சி.பி.ஐ. நீதிமன்றம் நடராசனுக்கும் மற்ற மூவருக்கும் ஈராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது 2010-ல். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2017 நவம்பரில். உச்சநீதிமன்றத்துக்கும் முறையீடு போயிற்று. 2018 மார்ச்சில் அவர் காலமானார். காரின் வயதைக் கண்டுபிடித்து முடிப்பதற்குள் இருபத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் அது உண்மையாகவே பழைய காராகியிருக்கும்.

மேல்முறையீடு செய்யும் உரிமை யாருக்கும் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை நாம். நெல்லுக்கு அந்த உரிமை எங்கே என்றுதான் கேட்கிறோம். கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லை எடுத்துக் கருவிக்குள் போடுகிறார்கள். 17 என்று காட்டினால் வாங்குவார்கள். 19 என்று காட்டினால் திரும்பிப் போ. அரை நிமிடத் தீர்ப்பு. வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. வானம் பெய்ததற்கு உழவன் என்ன செய்வான்? 2025 அக்டோபரில் குறுவை நெல் மழையில் நனைந்து முளைவிட்டபோது, 22 வரை தளர்த்துங்கள் என்று மாநில அரசு கேட்டது. ஆராய மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின. நெல்லோ குழுவுக்காகக் காத்திருக்காமல் முளைத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு வழியும் உண்டு கோமான்களுக்கு. வண்டியை உண்மையான கணக்கோடு கொண்டுவருவது, சுங்கத்தைக் கட்டுவது, அடுத்த வரி வரும்போது "இதற்குச் சட்டமே இல்லை" என்று வழக்காடுவது. வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு நுழைவு வரி விதிக்கத் தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. கடல் கடந்து வந்த காருக்கு அது பொருந்தாது என்று பலர் வழக்குப் போட்டார்கள். திரைப்பட நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கொண்டுவந்து, வரியை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2021 ஜூலையில் தனி நீதிபதி மனுவைத் தள்ளி ஒரு லட்சம் அபராதமும் விதித்தார்; மேல் அமர்வு அபராதத்தை நிறுத்திவைத்தது, நீதிபதி சொன்ன கடுஞ்சொற்களும் 2022-ல் நீக்கப்பட்டன. நடிகர் தனுஷின் 2015-ஆம் ஆண்டுக் காருக்கு வரி 60 லட்சத்துச் சொச்சம். பாதியைக் கட்டிவிட்டு வழக்கு நடந்தது. 2021 ஆகஸ்டில் மீதி முப்பது லட்சத்துச் சொச்சத்தையும் கட்டச் சொன்ன நீதிபதி, பால்காரர்கூட பெட்ரோல் போடும்போது வரி கட்டுகிறாரே என்று கேட்டார். 2016 நவம்பரிலேயே உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு நுழைவு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து அந்த அதிகாரத்தை விழுங்கிவிட்டது.

கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்குப் பரிசாக வந்த பெர்ராரி ஸ்போர்ட்ஸ் காருக்கு மத்திய அரசு சுங்கத்தைத் தள்ளுபடி செய்ததும், கூச்சல் எழுந்து வழக்கு வந்தபின் பியட் கம்பெனியே ஒரு கோடியே 13 லட்சத்தைக் கட்டியதும் 2003-ல் நாடறிந்த செய்தி. நம் கபடி வீரர்களுக்கு எவனாவது சைக்கிள் பரிசு கொடுத்தால், கடைக்காரர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பில் போடுவார்.

அந்தப் பிடிப்பில்தான் விஷயம் இருக்கிறது தோழர்களே. நம் மொபெட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; லட்சத்துக்குள் விலை என்றால் 10 விழுக்காடு ஆயுள்கால வரி. நாம் சாவியைத் தொடுமுன் அத்தனையும் போய்விடுகிறது. சோப்பிலும் டீத்தூளிலும் பெட்ரோலிலும் அப்படியே. வழக்காட நமக்கு நேரமுமில்லை, வழியுமில்லை.

மேலே 40 விழுக்காடு என்று ஒன்றைச் சொன்னோமே, 'வேளாண் கட்டமைப்பு' என்று, அதை மறந்துவிடாதீர்கள். காரின்மேல் உழவன் பெயரால் விதித்த வரி அது. 'செஸ்' என்று பெயரிட்டு வாங்கும் பணம், மாநிலங்களுக்குப் பங்கு போடும் பொதுத்தொகுப்பில் சேராது. அரசியல் சட்டத்தின் 270-ஆவது பிரிவு அப்படி. சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, காவிரிக்கரைச் சாலையில் ஓடும் காருக்கு, உழவன் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தில் தமிழ்நாட்டுக்கு உரிமைப் பங்கு கிடையாது. தில்லி மனம் வைத்துத் திட்டம் என்று ஏதேனும் தந்தால் உண்டு. நெல் நனையாமல் வைக்க ஒரு கூரைக் கிடங்குக்கு நாம் ஆண்டாண்டாகக் குரல் கொடுக்கிறோம்.

அந்தச் சுங்கமும் இனி அப்படியே நிற்கப்போவதில்லை. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டிஷ் கார்களுக்குச் சுங்கம் 110-லிருந்து படிப்படியாக 10-க்கு இறங்கும் என்கிறது ஒப்பந்தம். காகிதத்தில் பழையதென்று எழுதிக் குறைக்க வேண்டிய வேலை இனி இராது. சர்க்காரே குறைத்துத் தருகிறது. நெல்லின் ஈரத்தை 17-லிருந்து 22-க்குத் தளர்த்தக் குழு மேல் குழு வருகிறது. 110-ஐ 10 ஆக்க ஒரு பேனாக் கையெழுத்துப் போதுமாயிருந்தது.

நாம் சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. தோழர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப அந்த நாப்பதுல நம்ம டிபிசிக்கு ஒரு தார்ப்பாயாவது வந்துச்சாண்ணே?"

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாலையில் பெண்கள் நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தோழர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாக்குப் பிடிக்க ஓடினார். காலையில் மறுபடியும் ஈரம் பார்ப்பார்கள்.