வைத்தாங்கி உடன்படிக்கையின் இரு வடிவங்கள்: மொழிபெயர்ப்பும் நல்லிணக்கமும்

முன்னுரை

தொல்குடியினருக்கும் பின்னர்க் குடியேறியோருக்கும் இடையிலான நல்லிணக்கம் பெரும்பாலும் அரசியல், சட்டம் ஆகிய துறைகளின் ஆய்வுப்பொருளாகவே கொள்ளப்பெறுகிறது. நியூசிலாந்தில் அது மொழிபெயர்ப்புச் சிக்கலாகவும் அமைந்துள்ளது. 1840 பிப்ரவரி 6 அன்று பிரித்தானிய முடியரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே கையெழுத்தான வைத்தாங்கி உடன்படிக்கை, ஆங்கிலம், மாவோரி ஆகிய இரு மொழிகளில் உள்ளது. அவ்விரு வடிவங்களும் ஒரே பொருளைத் தரவில்லை. இவ்வேறுபாடு தோன்றிய வகையையும், அதன் விளைவுகளையும், நல்லிணக்க முயற்சிகள் அதனை எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் வேறுபாடு

ஆங்கில வரைவைக் கிறித்தவ மறைப்பணியாளர் ஹென்றி வில்லியம்சும் அவர் மகன் எட்வர்டும் பிப்ரவரி 4ஆம் நாள் இரவில் மாவோரியில் பெயர்த்தனர். தலைவர்கள் தம் இறையாண்மை முழுவதையும் அரசிக்கு அளிப்பதாக ஆங்கில வடிவின் முதற்பிரிவு கூறுகிறது. மாவோரி வடிவில் அவ்விடத்தில் 'காவனதங்கா' என்னும் சொல் நிற்கிறது. ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து, அதனோடு விகுதி சேர்த்து ஆக்கிய புதுச்சொல் இது. ஆளுநரின் பணி, நிருவாகம் என்பனவே இதனால் பெறப்படும் பொருள்.

இரண்டாம் பிரிவின் ஆங்கில வடிவம் நிலம், காடு, மீன்பிடியிடம் முதலிய உடைமைகளை இடையூறின்றித் துய்க்கும் உரிமையை உறுதிசெய்கிறது. மாவோரி வடிவமோ நிலம், ஊர், 'தாவோங்கா' அனைத்தின்மீதும் 'தினோ ரங்கதிரதங்கா'வை உறுதிசெய்கிறது. 'ரங்கதிர' என்பது தலைவரைக் குறிக்கும். எனவே இத்தொடர் முழுமையான தலைமையைச் சுட்டுகிறது. 'தாவோங்கா' என்பது போற்றிக் காக்கப்படும் செல்வம்; பருப்பொருள்களோடு நில்லாது மொழி, மரபறிவு ஆகியவற்றையும் தழுவும்.

தக்க சொல் இல்லாமை இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஆகாது. 1835இல் வடபகுதித் தலைவர்கள் வெளியிட்ட விடுதலை அறிக்கையை மாவோரியில் பெயர்த்தவரும் ஹென்றி வில்லியம்சே. அதில் 'கிங்கிதங்கா', 'மனா' ஆகிய சொற்களால் இறையாண்மையைக் குறித்த அவர், ஐந்தாண்டுகள் கழித்து அவற்றைக் கையாளவில்லை. 'மனா'வை விட்டுக்கொடுக்க எத்தலைவரும் இசையார் என்பதறிந்தே விலக்கினார் என்பர் ஒருசாரார். விவிலிய மொழிபெயர்ப்பில் பழகிய சொல்லையே எடுத்தாண்டார் என்பர் பிறிதொரு சாரார்.

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டனர். அவருள் ஆங்கில வடிவில் ஒப்பமிட்டோர் 39 பேர் மட்டுமே. ஏனையோர் இசைந்தது மாவோரி வடிவிற்கே.

இவ்வையம் அன்றே எழுப்பப்பெற்றது. தலைவர்கள் உடன்படிக்கையின் பொருளை உணர்ந்துள்ளனரா என்று ஒப்பமிடும் வேளையில் ஆளுநர் பொறுப்பேற்க வந்திருந்த ஹாப்சனிடம் வினவியவர், மறைப்பணிக் கழகத்தின் அச்சாளர் வில்லியம் கொலன்சோ ஆவார். மாவோரி வடிவை அச்சிட்டவரும் அவரே. தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியை வாங்கரேய்ப் பகுதி மாவோரிகளிடம் கண்டு உலகிற்கு அறிவித்ததனால் தமிழாய்வாளர் அறிந்த கொலன்சோவும் இவரே.

விளைவுகள்

பொருள் வேறுபாட்டின் சுமை மாவோரிகள்மீதே விழுந்தது. 1863ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்கீழ் வைகாட்டோ முதலிய பகுதிகளில் நிலங்கள் பறிமுதல் செய்யப்பெற்றன. 1865இல் தோன்றிய நில நீதிமன்றம் குலப் பொதுவுடைமையைத் தனியுடைமையாக்கி விற்பனைக்கு வழிதிறந்தது. 1867ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. 1877இல் வீ பராட்டா வழக்கில் உடன்படிக்கை சட்ட மதிப்பற்றது எனத் தீர்ப்பாயிற்று.

நல்லிணக்க நடைமுறை

1975இல் வீனா கூப்பர் தலைமையில் வடமுனையிலிருந்து வெலிங்டன் வரை நில உரிமை நடைபயணம் நிகழ்ந்தது. அவ்வாண்டே வைத்தாங்கித் தீர்ப்பாயம் சட்டத்தால் நிறுவப்பெற்றது. இரு வடிவங்களின் பொருளையும் வேறுபாட்டையும் உசாவித் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு அளிக்கப்பட்டது. ஒரு வடிவை மூலமாகவும் மற்றதை வழியாகவும் கொள்ளாது இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் நெறி இதனால் உருவாயிற்று. 1985இல் விசாரணை வரம்பு 1840 வரை பின்னோக்கி விரிந்தது.

இந்நெறியின் பயன் மொழித்துறையில் தெளிவாகப் புலப்படுகிறது. மாவோரி மொழியும் 'தாவோங்கா' என்பதால் அரசு அதனைக் காக்கக் கடமைப்பட்டது என்று தீர்ப்பாயம் 1986இல் அறிவித்தது. 1987ஆம் ஆண்டின் சட்டம் மாவோரியை ஆட்சிமொழியாக்கியது. ஆங்கில வடிவின் 'உடைமைகள்' என்னும் சொல்லை மட்டும் கொண்டு இம்முடிவை எட்டியிருத்தல் அரிது.

1995இல் வைகாட்டோ-தைனுயி குலத்தாருடன் ஏற்பட்ட தீர்வில் 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பிலான நிலமும் பணமும் அளிக்கப்பெற்றன. மன்னிப்புக் கோரல் அடங்கிய சட்டத்தில் அரசி இரண்டாம் எலிசபெத் நேரில் ஒப்பமிட்டார். இழப்போடு ஒப்பிட இத்தொகை சிறிதே. ஆயினும் தவறிழைத்தமையை அரசே சட்டத்தில் எழுதி ஏற்றது. 2017இல் வாங்கனுயி ஆறு சட்டமுறை ஆளாக ஏற்கப்பட்டது. ஆற்றைத் தம் மூதாதையாகக் கருதும் மாவோரிச் சிந்தனை இதனால் ஆங்கிலச் சட்டமொழிக்குள் இடம்பெற்றது.

எல்லைகள்

தீர்ப்பாயத்தின் முடிவுகள் பெரும்பாலும் பரிந்துரைகளே. 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்ட வடபகுதித் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அது 2014இல் கண்டறிந்தும், அரசு தன் நிலைப்பாட்டை மாற்றவில்லை. உடன்படிக்கையின் கோட்பாடுகளைச் சட்டத்தால் புதிதாக வரையறுக்க முயன்ற சட்ட முன்வரைவு பெருந்திரள் எதிர்ப்புக்குப் பின் 2025 ஏப்ரலில் 112க்கு 11 என்னும் வாக்குகளால் தோற்றது. உடன்படிக்கையின் பொருளை ஒரு தரப்பே முடிவுசெய்யலாகாது என்பதே அவ்வெதிர்ப்பின் மையக் கருத்தாக இருந்தது.

நிறைவுரை

வைத்தாங்கி உடன்படிக்கையில் வேறுபாட்டை மறைத்த காலத்தில் உறவு சிதைந்தது. வேறுபாட்டை ஏற்று ஆராய்ந்த பின்னரே மொழியுரிமை, நிலமீட்பு, மன்னிப்பு ஆகியன இயன்றன. நலிந்த தரப்பினர் தம் மொழியில் எதற்கு இசைந்தனர் என்னும் வினாவே இவற்றிற்கு அடிப்படை. அவ்வினாவிற்கு விடைகாண்பதில் சட்டவியலாரைப் போன்றே மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பு ஆய்வாளருக்கும் பொறுப்பு உண்டு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.