பொருட்காட்சியா, நேர்ப்பேச்சா?

பொருட்காட்சி என்றதும் ராட்டினமும் பெரிய அப்பளமும்தான் நம் நினைவுக்கு வரும். வர்த்தகப் பொருட்காட்சி என்பது வேறு. பொருளை உற்பத்தி செய்பவரும் கடைக்காரரும் சந்திக்கும் இடம் அது. ஆண்டிறுதி விற்பனைக்கு எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது என்று வியாபாரிகள் அங்கே பார்த்து முடிவு செய்வார்கள். பத்திரிகையாளர்கள் வந்து குறிப்பெடுப்பார்கள். கடைசியில் காசு கொடுத்து வாங்கப் போகிறவருக்கு மட்டும் அழைப்பு இராது!

வீடியோ விளையாட்டுத் தொழிலுக்கு அமெரிக்காவில் இப்படி ஒரு பொருட்காட்சி நடந்து வந்தது. இ-3 என்பது அதன் பெயர். அதற்கு முன்பு இத்தொழிலைச் சேர்ந்தவர்கள் பொதுவான மின்னணுப் பொருட்காட்சியில்தான் கடை பரப்பினார்கள். 1990களின் தொடக்கத்தில் தங்களைக் கடைக்கோடியில் ஒரு கூடாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்றும், மழைநீர் ஒழுகித் தங்கள் இயந்திரங்களை நனைத்தது என்றும் செகா நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவராக இருந்த டாம் கலின்ஸ்கி பின்னாளில் கூறியிருக்கிறார். தனிப் பொருட்காட்சி வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததில் வியப்பில்லை. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இ-3 தொடங்கியது. பத்து ஆண்டுகளில் அதற்கு வருவோர் எண்ணிக்கை ஏறத்தாழ 70,000 ஆயிற்று. கடைச் சிப்பந்தி என்றும் நிருபர் என்றும் அனுமதி அட்டை பெற்று ரசிகர்களும் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தப் பொருட்காட்சியையும் ரசிகர்களையும் கூர்ந்து கவனித்தவர் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத் தலைவர் சதோரு இவாட்டா. 1959இல் சப்போரோ நகரில் பிறந்த அவர், கணிப்பொறி இயல் மாணவராக இருக்கும்போதே விளையாட்டுகளை உருவாக்கும் வேலையில் சேர்ந்தவர். 2002இல் நின்டெண்டோவின் தலைவரானார். பெயர் அட்டையில் நான் கம்பெனித் தலைவன், சிந்தனையில் விளையாட்டை உருவாக்குபவன், உள்ளத்தில் விளையாடுபவன் என்ற கருத்துப்பட 2005இல் சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் அவர் பேசினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோ விளையாட்டுக் கண்காட்சியில் அவர் ஒரு புதுக் கருவியைக் காட்டினார். பார்வைக்கு அது தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட் போலவே இருந்தது. கூடவே ஒரு சிறு படமும் திரையிடப்பட்டது. அதில் விளையாட்டுக் காட்சி ஒன்றுகூட இல்லை. கருவியைப் பிடித்துக் கையை வீசும் மனிதர்கள் மட்டுமே இருந்தார்கள். ஏன் அப்படி? கருவியின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

ஓடும் பேருந்தில் சட்டென்று பிரேக் போட்டால் நாம் முன்னோக்கிச் சாய்கிறோம் அல்லவா? நிலைமம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ரிமோட்டினுள் இருந்த சில்லிலும் இதே கதைதான். மிக நுண்ணிய சிலிக்கன் துண்டு ஒன்று சிலிக்கன் சுருள்களைப் போன்ற தாங்கிகளில் தொங்குகிறது. கையை வீசினால் அது சற்றே பின்தங்கும். அதனுடன் இணைந்த தகடுகளுக்கும் அருகிலுள்ள நிலையான தகடுகளுக்கும் இடைவெளி மாறும். மின்தேக்குத் திறனும் மாறும். இந்த மாற்றத்தை அளந்து முடுக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். ரிமோட் எங்கே குறிபார்க்கிறது என்பதை அறிய வேறொரு வழி. தொலைக்காட்சியருகே வைக்கும் பட்டையின் இரு முனைகளிலிருந்தும் அகச்சிவப்புக் கதிர்கள் வரும். ரிமோட்டின் முனையிலுள்ள சிறு காமிரா அவ்விரு ஒளிப்புள்ளிகளைப் பார்க்கும். பட்டைக்கு ‘உணர்வுப் பட்டை’ என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை, ஒளியைத் தருகிறது, அவ்வளவுதான்.

இத்தகைய பொருளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் பாதிதான் புரியும். மட்டையை வீசுவது போல் ஒரு முறை வீசிப் பார்க்க வேண்டும். 2006 மே மாதம் இ-3 தொடங்குவதற்கு முந்தைய நாள், இவாட்டாவே மேடையில் இந்த ரிமோட்டைப் பிடித்து டென்னிஸ் ஆடிக் காட்டினார். அந்த இரட்டையர் ஆட்டத்தில் மற்றவர்கள் யார்? அவருடைய சக அதிகாரிகள் இருவர். நான்காமவர் போட்டியில் வென்று வந்த ஒரு ரசிகர்! மறுநாள் கதவு திறந்ததும் கூட்டம் நின்டெண்டோ அரங்கை நோக்கி ஓடியது. மணிக்கணக்கில் வரிசை நின்றது.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். ஒருவர் 10 நிமிடம் விளையாடுகிறார், காட்சி நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இயந்திரத்தில் ஒரு நாளைக்கு 48 பேர். நூறு இயந்திரங்கள் வைத்து மூன்று நாள் ஓட்டினாலும் 14,400 பேர்தான். வீ என்ற பெயரில் அந்தப் பொருள் பின்னர் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றிருக்க முடியும்?

கூட்டமும் செலவும் பெருகிப்போனதால் 2007இல் இ-3 சுருக்கப்பட்டு, அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும் என்றாயிற்று. ஆரவாரம் குறைந்ததும் களை போயிற்று. 2009இல் பழையபடி பெரிதாக நடத்தினார்கள். ஆனால் பெரிய மேடையில் சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்பதும் இல்லை. 2011 இ-3யில் வீ-யு என்ற புது இயந்திரத்தை நின்டெண்டோ அறிமுகம் செய்தது. அது புதிய இயந்திரமா, பழையதற்கான துணைக்கருவியா என்று பலர் குழம்பினார்கள். இயந்திரத்தின் படத்தைத் தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும் என்று இவாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ‘நின்டெண்டோ டைரக்ட்’ என்ற இணைய நிகழ்ச்சி தொடங்கியது. தலைவரே காமிராவின் முன் நின்று, இரு கைகளையும் பார்ப்பவரை நோக்கி நீட்டி, ‘நேரடியாக உங்களுக்கு’ என்பதுபோல் பேசினார். 2013இல் இன்னும் ஒரு படி சென்று, இ-3யில் பெரிய மேடை நிகழ்ச்சி கிடையாது என்று அறிவித்தார். முதலீட்டாளர், வியாபாரி, நிருபர், ரசிகர் ஆகிய எல்லாருக்கும் ஒரே பேச்சு பொருந்தாது என்பது அவர் வாதம். வியாபாரிகளுக்கு ஒரு கூட்டம், நிருபர்களுக்கு ஒரு கூட்டம், ரசிகர்களுக்கு இணையம் என்று பிரித்தார்.

என் கருத்தில் அவர் செய்த மிக நல்ல காரியம் இதுவல்ல. தொட்டுப் பார்க்கும் ஆசையை இணையம் தீர்க்காது என்பதை அவர் மறக்கவில்லை. அந்த ஜூன் மாதம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட பெஸ்ட் பை கடைகளில், இன்னும் வெளிவராத விளையாட்டுகளை ரசிகர்கள் ஆடிப் பார்க்க ஏற்பாடாயிற்று. பொருட்காட்சியின் ஒரு துண்டை வெட்டி ஊர் ஊராக அனுப்பியதுபோல! நேர்ப்பேச்சில் ஒரு குறையும் உண்டு: இடையிலே நின்று குறுக்குக் கேள்வி கேட்கும் நிருபர் அங்கே இல்லை. கம்பெனி காட்ட விரும்புவதை மட்டுமே ரசிகர் பார்ப்பார்.

இவாட்டா 2015 ஜூலை 11 அன்று, 55 வயதில் காலமானார். 2017இல் இ-3 பொதுமக்களுக்கு 15,000 நுழைவுச் சீட்டுகளை விற்றது. கொரோனாவால் 2020ஆம் ஆண்டுக் காட்சி ரத்தாயிற்று. 2023 டிசம்பரில் இ-3 நிரந்தரமாக மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் ஸ்விட்ச்-2 என்ற புது இயந்திரத்தை நின்டெண்டோ முதலில் இணைய நிகழ்ச்சியில் விளக்கியது. இரண்டு நாள் கழித்து நியூயார்க்கிலும் பாரிஸிலும் அதை ரசிகர்களின் கையில் கொடுத்தது. யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.