ஓட்டமும் ஓய்வும்: தோல் டிரம்மும் சில ஆங்கிலச் சொற்களும்

பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பின்னும், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைத் தோல் தொழில் ஒரே நிலப்பகுதியாகவே இணைத்து வைத்திருக்கிறது. இங்குள்ள பதனிடும் ஆலைகளின் நடுநாயகமான இயந்திரம் டிரம் ஆகும். அதை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது, எத்தனை தடவை மருந்து சேர்ப்பது என்பதைக் கூறும் செய்முறைத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், திரும்பத் திரும்ப நிகழ்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு இங்கே தோலின் தரத்தையே தீர்மானிக்கிறது. ஃப்ரீக்வென்ட், ரெகுலர், பீரியாடிக், இன்டர்மிட்டன்ட், கன்டினுவல், கன்டினியுவஸ் ஆகிய அனைத்துக்கும் 'அடிக்கடி' அல்லது 'தொடர்ந்து' என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்யும் பள்ளிப் பழக்கம் இந்த இடத்தில் உதவாது.

டிரம் என்பது படுக்கைவாட்டு அச்சில் சுழலும் பெரிய மரப் பீப்பாய். அதன் உட்சுவரில் வரிசையாகப் பதித்த மர முளைகள் தோல்களைத் தூக்கி மேலே கொண்டுபோய் மருந்துநீரில் விழச் செய்கின்றன. அவ்வாறு விழும்போது தோல் நசுங்கி விரிவதால் மருந்து அதன் நாருக்குள் புகுகிறது. அச்சு உள்ளீடற்றதாக இருப்பதால், டிரம்மை நிறுத்தாமலேயே அதன் வழியே கரைசலை ஊற்ற முடியும். ஆவாரம்பட்டை ஊறலில் தோலைக் குழி மாற்றிக் குழி போட்டு வாரக்கணக்கில் காத்திருந்த பழைய முறைக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இந்த அசைவுதான். ஆனால் அசைவு மிகுந்தால் தோல் கெடும் என்பதால், ஓட்டத்தைப் போலவே ஓய்வும் கணக்கில் வைக்கப்படுகிறது.

சுண்ணாம்பு கட்டும் நிலையில் இது தெளிவாகப் புலப்படும். சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் மயிர் கழன்று, தோல் நீரேறி உப்பி, வழுவழுப்பாக நிற்கிறது. அப்போது அதன் மேற்பரப்பு மிக மென்மையானது. ஆகவே இரவு முழுவதும் மணிக்கு 5 நிமிடம் ஓட்டி, எஞ்சிய 55 நிமிடம் அசையாமல் விடுவது போன்ற முறை கையாளப்படுகிறது. இதற்குரிய சொல் இன்டர்மிட்டன்ட். அதாவது நின்று நின்று நடப்பது. கன்டினியுவஸ் என்பது இடைவெளியே இல்லாத ஓட்டம். கன்டினுவல் என்பதோ இடைவெளிகளோடு ஓயாமல் மீண்டும் மீண்டும் நிகழ்வது, பெரும்பாலும் சலிப்பூட்டும் வகையில் நிகழ்வது. தொழிற்சாலைத் தாளைவிட அது அண்டை வீட்டுச் சண்டையைப் பற்றிய வாக்கியத்துக்கே பொருந்தும். இன்டர்மிட்டன்ட் என்று எழுதிய இடத்தில் கன்டினியுவஸ் என்று படித்து விடிய விடிய டிரம்மை ஓடவிட்டால், உப்பிய தோல்கள் முளைகளிலும் ஒன்றோடொன்றும் உராய்ந்து மேற்பரப்பு தேய்ந்துபோகும். தோலின் விலையைத் தீர்மானிப்பது அந்த மேற்பரப்பே.

குரோம் பதனிடும்போது சிக்கல் வேறு வகையானது. முதலில் உப்பும் அமிலமும் சேர்த்துத் தோலின் பிஎச் அளவை ஏறத்தாழ 2.8-க்குக் கொண்டுவந்த பின் குரோமியம் சல்ஃபேட் சேர்க்கப்படுகிறது. அந்த அமிலநிலையில் குரோமியம் நாரோடு விரைந்து பிணையாது என்பதால் தோலின் உட்பகுதிவரை ஊடுருவிச் செல்கிறது. பின்னர் சோடியம் பைகார்பனேட் கரைசலை மூன்று நான்கு பங்காகப் பிரித்து, 15 அல்லது 20 நிமிட இடைவெளியில் ஊற்றிப் பிஎச் அளவை 4-க்கு அருகே உயர்த்தும்போதுதான் குரோமியம் நாரைப் பற்றிக்கொள்கிறது. இங்கே வேண்டியது ரெகுலர் அல்லது பீரியாடிக், அதாவது ஒரே அளவான இடைவெளியுடன் வருவது. ஃப்ரீக்வென்ட் என்ற சொல் தடவைகள் பல என்று மட்டுமே கூறும். இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்று கூறாது. பத்து நிமிடத்துக்குள் நான்கு பங்கையும் கொட்டினாலும் அது ஃப்ரீக்வென்ட்தான். ஆனால் குரோமியம் மேற்பரப்பிலேயே படிந்து, உட்பகுதி பதனாகாமல் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது: ஒரு சிறு துண்டை வெட்டி, அதன் உருவத்தைத் தாளில் வரைந்துகொண்டு, கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டு எடுத்து மீண்டும் அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள், துண்டு சுருங்கியிருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். அக்கேஷனல், அதாவது எப்போதாவது, என்ற சொல் செய்முறைத் தாளில் இடம்பெறவே கூடாது. அந்த 'எப்போதாவது' இரவுப் பணியாளருக்கு ஒரு பொழுதாகவும் பகல் பணியாளருக்கு வேறொரு பொழுதாகவும் அமையும்.

பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் வெளியிட்ட ஆங்கிலப் பொருட்சொற்கோவை, காலம் என்னும் பிரிவில், பல தடவை நிகழ்வதை ஒரு தலைப்பாகவும், ஒழுங்கான இடைவெளியில் மீள்வதை மற்றொரு தலைப்பாகவும் வைத்தது. அவர் மருத்துவர் என்பதால் இந்தப் பாகுபாடு இயல்பாகவே தோன்றியிருக்கக்கூடும்; முறைக்காய்ச்சலைப் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியாது.

ஆம்பூர்ப் பகுதியில் பதனிட்ட தோல் காலணியாக மாறும் இடத்தில், இத்தகைய இரு சொற்கள் மனித உடலைத் தொடுகின்றன. காலணிப் பசைகள் சிலவற்றில் கரைப்பானாக உள்ள டொலுயீனைப் பற்றிய பாதுகாப்புத் தாள்களில், 'ப்ரொலாங்ட் ஆர் ரிப்பீட்டட்' தொடர்பால் உடலுறுப்புகளுக்குத் தீங்கு நேரலாம் என்ற எச்சரிக்கை உண்டு. ப்ரொலாங்ட் என்பது ஒரே நீட்டமாக வெகுநேரம். ரிப்பீட்டட் என்பது ஒவ்வொன்றும் சிறிதாக, ஆனால் பல தடவை. இவ்விரண்டையும் 'நீண்ட காலத் தொடர்பு' என்று சுருக்கி மொழிபெயர்த்தால், ஒரு ஜோடிக்குச் சில வினாடி மட்டும் பசை தடவி, நாள் முழுவதும் அடுத்தடுத்த ஜோடிகளுக்குத் தடவிக்கொண்டிருக்கும் பெண், அந்த எச்சரிக்கை தனக்கானதன்று என்று எண்ண இடமுண்டு. உண்மையில் இரண்டாம் சொல் அவரைத்தான் குறிக்கிறது. அதேபோல் க்ரானிக் என்பதைக் 'கடுமையான' என்று புரிந்துகொள்வது பரவலாக உள்ளது. அச்சொல் நோயின் கடுமையைக் கூறவில்லை, நாட்பட்டு நீடிப்பதைக் கூறுகிறது. 'நெடுநேரம் ஒரேயடியாகவோ, சிறிது சிறிதாகப் பல தடவையோ பட்டால்' என்று விரித்து எழுதுவதற்கு எச்சரிக்கைப் பலகையில் ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும். அந்த வரியைப் பசை தடவும் மேசைக்கு எதிரே, தமிழில், கண்ணில் படும் உயரத்தில் எழுதிவைக்க வேண்டும்.