முதலூர் தந்த தாண்டல் வீரர்

குலசேகரன்பட்டினத்திலிருந்து உடன்குடி வழியாக மேற்கே செல்வோர் செந்நிறத் தேரி மணலைக் காண்பர். காலை வைத்தால் புதையும்; எடுத்தால் சுவடு அப்படியே நிற்கும். அந்தச் சுவட்டை அளந்து வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் விளையாட்டே நீளத் தாண்டல். அதில் இந்திய நாட்டுச் சாதனையை நிகழ்த்திய ஜெஸ்வின் ஆல்டிரின், இதே வழியில் சாத்தான்குளத்தை அடுத்துள்ள முதலூரைச் சேர்ந்தவர். 2001ஆம் ஆண்டு பிறந்தவர்.

அவர் வரலாற்றை அறியுமுன் விதிகள் இரண்டை அறிதல் வேண்டும். வீரர் விரைந்து ஓடிவந்து, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் காலூன்றி எழும்புகிறார். பாதம் பலகையின் முன்விளிம்பை ஒரு நூலளவு கடந்தாலும் அத்தாண்டல் செல்லாது. மணலில் அவர் உடல் பட்ட இடங்களுள் பலகைக்கு மிக அண்மையில் உள்ளதிலிருந்தே அளப்பர். கால் முன்னே பதிந்து கை பின்னே ஊன்றிவிட்டால், கை பட்ட இடமே கணக்கு. இது முதல் விதி.

இரண்டாவது, காற்றைப் பற்றியது. முதுகுப்புறமிருந்து வீசும் காற்று வீரரைத் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்டால், அத்தாண்டல் போட்டிக்குச் செல்லும். சாதனைப் பட்டியலில் ஏறாது.

இவ்விதியின் கடுமையை ஜெஸ்வின் 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் உணர்ந்தார். கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியில் அவர் தாண்டியது 8.37 மீட்டர். கேரளத்து வீரர் ஸ்ரீசங்கர் தாண்டியது 8.36 மீட்டர். தங்கப் பதக்கம் ஜெஸ்வினுக்குக் கிடைத்தது. நாட்டுச் சாதனையோ ஸ்ரீசங்கருக்குச் சென்றது. ஜெஸ்வின் தாண்டியபோது காற்று வரம்பை மீறி வீசியதே காரணம். வென்றவர் தம் பெயர் ஏடேறாமல் திரும்பினார்.

ஓராண்டும் நிறையவில்லை. 2023 மார்ச் 2ஆம் நாள், கர்நாடகத்தின் விஜயநகரில், வரம்புக்குட்பட்ட காற்றில் 8.42 மீட்டர் தாண்டிச் சாதனையைத் தமதாக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றிலும் இடம்பெற்றார்.

ஆயினும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் மூன்று வாய்ப்புகளுள் முதலிரண்டும் கோடு மீறியதால் செல்லாதனவாயின. மூன்றாவதில் 7.61 மீட்டர் மட்டுமே கிட்டிற்று. இறுதிச் சுற்று கைநழுவிற்று. இம்முறை பகையாய் நின்றது காற்றன்று, கோடு.

இத்தகைய இறக்கம் கண்டு நாம் மனம் சோர வேண்டியதில்லை. ஜெர்மனியின் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர் யென்ஸ் வைஸ்ஃபிளாக், 1984இல் சறுக்குக் கட்டைகளை இணையாக வைத்துத் தாண்டி ஒலிம்பிக் தங்கம் வென்றார். பின்னர் கட்டைகளை முன்பக்கம் விரித்துத் தாண்டும் புதுமுறை வந்து பழைய முறையைப் பின்தள்ளியது. அவர் கைவந்த பழக்கத்தைக் கைவிட்டு, புதியதைக் கற்று, 1994இல் மீண்டும் தங்கம் வென்றார். இடையே சென்றவை பத்தாண்டுகள்.

நம் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மணலுக்கு இங்குப் பஞ்சமில்லை. ஒரு குழியும், ஒரு பலகையும், ஓர் அளவு நாடாவும் இருந்தால் பயிற்சி தொடங்கலாம். கோடு மீறிய மாணவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஓட்டத்தின் தொடக்கத்தை ஓர் அடி பின்னே தள்ளிவைத்து மறுபடி ஓடச் சொல்லுங்கள்.