ஊர் மாறிய பந்தாட்டம்

பந்தாட்டத் தொடரொன்றில் முடிசூடத் தக்கார் யார்? பல திங்கள் ஆடி மிகுதியான புள்ளிகளைத் திரட்டியவரா, இறுதி நாளில் எதிரியை வீழ்த்தியவரா? இங்கிலாந்து நாட்டுக் காற்பந்துக் கழகத்தார் முன்னவருக்கே முடி சூட்டினர். அமெரிக்கர் பின்னவரை விரும்பினர். 2014 ஆம் ஆண்டில் நம் நாட்டில் தோன்றிய இந்தியன் சூப்பர் லீக், ஆட்டத்தை ஆங்கிலேயரிடமும் முடிசூட்டும் முறையை அமெரிக்கரிடமும் பெற்றது எனலாம். அதன் இரண்டாம் பருவத்தில் சென்னைக்கு நேர்ந்தவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் அமெரிக்கர் முறை பிறந்த வகையை அறிதல் நலம். அவர்தம் காற்பந்து வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதே அதிற் பெரும்பான்மை. அதற்குக் காற்பந்து என்னும் பெயர் எவ்வாறு பொருந்தும் என நம் தூத்தூர்க் கடற்கரைச் சிறுவர் நகைப்பர்! தொழின்முறைக் குழுக்கள் 1920 இல் ஒரு சங்கமாகக் கூடின. அவ்வாண்டின் வெற்றிக் குழு எதுவெனக் கூட்டத்தில் வாக்கெடுத்தே முடிவு செய்து, ஆக்ரன் நகரத்தாருக்கு முடி சூட்டினர். 1932 இல் சிகாகோ பேர்ஸ், போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிய இரு குழுக்களும் சமநிலையில் நின்றமையால், டிசம்பர் 18 ஆம் நாள் மிகையாக ஓர் ஆட்டம் வைக்க நேர்ந்தது. பனியும் கடுங்குளிரும் வெளியில் ஆடவொட்டாமல் தடுக்க, கூரை வேய்ந்த அரங்கொன்றினுள் 100 கெஜக் களத்தை 80 கெஜமாகச் சுருக்கி ஆடினர். சிகாகோ 9-0 என வென்றது. மக்கள் காட்டிய ஆர்வத்தைக் கண்ட சங்கத்தார் மறு ஆண்டே குழுக்களை இரு பிரிவாக்கி, இறுதியாட்டத்தை நிலையான விதியாக்கினர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தொடக்கப் பருவங்களில் எட்டுக் குழுக்கள் ஆடின; ஒவ்வொன்றுக்கும் 14 ஆட்டம் இருந்தது; முதல் நான்கு குழுக்கள் அரையிறுதிக்குச் சென்றன; அரையிறுதியில் இரு ஊரிலும் ஒவ்வோர் ஆட்டமும், பின்னர் ஓர் இறுதியாட்டமும் நடந்தன. 2014 இல் சென்னையின் எஃப்.சி. 23 புள்ளிகளுடன் பட்டியலில் முதலிடம் பெற்றும், அரையிறுதியில் கேரளத்தாரிடம் தோற்று வெறுங்கையுடன் திரும்பியது. முடிசூட்டும் முறையின் கொடுமையை அவ்வாண்டிலேயே சென்னை சுவைத்துவிட்டது.

2015 இல் நிலைமை தலைகீழாயிற்று. இத்தாலிய வீரர் மார்க்கோ மாத்தெராட்சி பயிற்றிய அக்குழு பத்து ஆட்டங்களின் முடிவில் 10 புள்ளிகளே பெற்றுத் தளர்ந்து கிடந்தது. எஞ்சிய நான்கையும் வென்று 22 புள்ளிகளோடு மூன்றாம் இடம் எய்தியது. இவ்வெழுச்சியின் நடுவிலேதான் டிசம்பர் முதல் நாளின் பெருமழை வந்தது. அடையாறு கரைபுரண்டது; மக்கள் மாடிகளில் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்தனர்; வானூர்தி நிலையமும் சில நாள் மூடப்பட்டது. அந்நகரில் ஆட்டம் நடத்துவதெங்ஙனம்? எனவே டிசம்பர் 12 ஆம் நாள் கொல்கத்தாவுக்கு எதிராகச் சென்னை தன் ஊரில் ஆடவேண்டிய அரையிறுதி, புனே நகரத்துக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரம் இழந்தும் 3-0 என வென்றனர். நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவில் 1-2 எனத் தோற்றாலும், கூட்டுக் கணக்கில் 4-2 என முந்தினர். அங்கே சென்னைக்காகக் கோல் அடித்த ஃபிக்ரு, முந்திய ஆண்டு கொல்கத்தாவுக்கு ஆடி இத்தொடரின் முதற் கோலையே அடித்தவர் என்பது சுவையான செய்தி.

டிசம்பர் 20 ஆம் நாள் மட்காவ் நகரின் ஃபட்டோர்டா அரங்கில் இறுதியாட்டம். எதிர்த்தவர் அவ்வூரினராகிய எஃப்.சி. கோவா, 25 புள்ளிகளுடன் பட்டியலில் முதல்வர். கோவாவின் கோல் காவலர் கட்டிமணி இரு பெனால்டி உதைகளைத் தடுத்தார். முதலாவதில் திரும்பி வந்த பந்தைப் பெலிசாரி மீண்டும் உதைத்துக் கோலாக்கினார். 87 ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியது. வெற்றி விழா தொடங்கிவிட்டதெனவே பலரும் எண்ணினர். ஆயின் 90 ஆம் நிமிடத்தில், அத்துணைத் திறம் காட்டிய கட்டிமணியின் கைபட்டே பந்து அவர் வலைக்குள் சென்றது! மிகை நேரத்தில் மெண்டோசா மூன்றாம் கோலை அடிக்க, 3-2 எனக் கோப்பை சென்னைக்கு வந்தது. அப்பருவத்தில் அவர் அடித்தவை 13 கோல்கள்.

வெள்ளத்தில் உடைமை இழந்த நகரத்தாருக்கு அவ்விரவு எத்துணை ஆறுதல் அளித்ததென்பதை யாம் அளந்து கூற இயலாது. எனினும் கோவா வீரரின் பக்கத்தினின்று நோக்கின், 14 ஆட்டத்து உழைப்பு சில நிமிடங்களில் கரைந்தது நடுநிலைமையாகுமா என்னும் ஐயம் எழாமற் போகாது. சென்னையின் வெற்றியில் மகிழும் எமக்கும், 2014 ஐ நினைக்குங்கால் அவ்வையம் நியாயமானதென்றே தோன்றுகிறது. தொடரை நடத்துவோரும் காலந்தாழ்த்தேனும் இதனை உணர்ந்தனர் போலும். 2019-20 பருவம் முதல் பட்டியலில் முதலிடம் பெறும் குழுவுக்கெனத் தனிக் கேடயம் ஏற்படுத்தினர். அதனை முதன்முதல் பெற்றது எஃப்.சி. கோவா.