நிரூபணமும் எடுகோளும்

'இது கணிதத்தால் நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் வாதிடப் பலருக்கும் துணிவு வருவதில்லை. அந்தச் சொல்லுக்கு அத்தகைய அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை அறிய, குவாண்டம் இயக்கவியலின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை.

நான் இயற்பியல் அறிஞன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆயினும், எங்கள் துறையின் ஆட்டக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ஜான் வான் நியூமன்தான் குவாண்டம் இயக்கவியலுக்கும் கணித அடித்தளமிட்டார். அந்த வழியாகவே இந்த வரலாறு எனக்கு அறிமுகமாயிற்று.

1925-இல் ஹைசன்பர்க், அணுவின் இயக்கத்தை அணிகளைக் கொண்டு விளக்கும் முறையைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே ஷ்ரோடிங்கர், அதே அணுவை அலைச் சமன்பாட்டால் விளக்கினார். முதல் முறையில் எண்களின் முடிவில்லாத அட்டவணைகள். இரண்டாவதில் வெளியெங்கும் பரவும் அலைகள். தோற்றத்தில் தொடர்பே இல்லாத இரு முறைகளும் ஒரே விடையைத் தந்தன.

இரண்டும் ஒன்றே என்று ஷ்ரோடிங்கரும், பின்னர் டிராக்கும் விளக்கினார்கள். ஆனால், கணிதவியலாளர்களுக்கு நிறைவில்லை. டிராக் பயன்படுத்திய ஒரு சார்பு, ஒரே ஒரு புள்ளியைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் சுழியம். ஆனால், அதன் மொத்தப் பரப்பு ஒன்று. அன்றைய கணித இலக்கணப்படி அப்படியொரு சார்பு இருக்கவே முடியாது.

1926-இல், 22 வயது நியூமன் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு வந்தார். கணித மேதை ஹில்பர்ட்டின் ஊர் அது. அணிகளும் அலைகளும் ஒரே கணித வெளியின் இரு வடிவங்கள் என்பதை நியூமன் ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். ஒரே கணக்கை ரூபாயிலும் எழுதலாம், நெல் மூட்டையிலும் எழுதலாம் அல்லவா? அதைப் போன்றது இது. அந்த வெளிக்கு 'ஹில்பர்ட் வெளி' என்று பெயர். இந்த ஆய்வுகளைத் தொகுத்து அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் 1932-இல் வெளிவந்தது.

அதன் சாரத்தைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம். ஒரு துகளின் நிலை என்பது அந்த வெளியில் ஓரலகு நீளமுள்ள ஓர் அம்பு. ஓர் அளவீட்டுக்கு இரண்டு விடைகளே சாத்தியம் என்றால், அவை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அச்சுகள். அம்பின் கூறுகள் அவற்றின் மீது 0.6, 0.8 என விழுந்தால், அவற்றின் வர்க்கங்களான 0.36, 0.64 ஆகியவையே அவ்விடைகள் கிடைப்பதற்கான நிகழ்தகவுகள். கூட்டினால் ஒன்று. பித்தகோரஸ் தேற்றமே இங்கே நிகழ்தகவின் விதியாகிறது.

இன்னொன்றும் உண்டு. மூன்றை ஐந்தால் பெருக்கினாலும், ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் விடை ஒன்றே. ஆனால், இருப்பிடம், உந்தம் போன்ற குவாண்டம் அளவுகளைக் குறிக்கும் செயலிகளுக்கு இந்தப் பரிமாற்றுப் பண்பு இல்லை. வரிசை மாறினால் விடை மாறும்.

இதே நூலில் நியூமன் ஒரு பெரிய கேள்வியையும் எழுப்பினார். குவாண்டம் உலகின் நிகழ்தகவு, நாணயச் சுண்டலைப் போல நம் அறியாமையின் விளைவா? நாம் காணாத 'மறை மாறிகள்' உள்ளே இருந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானிக்கின்றனவா? அத்தகைய மாறிகள் இருக்க இயலாது என்று அவர் ஒரு நிரூபணம் தந்தார். விவாதம் முடிந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

ஆனால், 1935-இலேயே கிரேட்டே ஹெர்மன் என்ற பெண்மணி அந்த நிரூபணத்தின் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். புகழ்பெற்ற கணித அறிஞர் எம்மி நோதரின் மாணவி அவர். இரு அளவுகளின் கூட்டுத்தொகையின் சராசரி, அவற்றின் சராசரிகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது நியூமனின் எடுகோள்களில் ஒன்று. குவாண்டம் சராசரிகளுக்கு அது பொருந்தும். ஆனால், மறை மாறிகள் தீர்மானிக்கும் தனித்தனி மதிப்புகளுக்கும் அது ஏன் பொருந்த வேண்டும் என்பதே ஹெர்மனின் கேள்வி.

இதற்கு ஜான் பெல் பிற்காலத்தில் தந்த எடுத்துக்காட்டு மிக எளிது. எலக்ட்ரானின் தற்சுழற்சியை எந்தத் திசையில் அளந்தாலும், உரிய அலகில் +1 அல்லது -1 கிடைக்கும். செங்குத்தான இரு திசைகளின் தற்சுழற்சிகளைக் கூட்டிய அளவுக்கோ, கிடைக்கும் விடை ஏறக்குறைய +1.414 அல்லது -1.414. ஒன்றையும் ஒன்றையும் எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் 1.414 வராது. காரணம், அந்தக் கூட்டுத்தொகையை அளக்க மூன்றாவது திசையில் தனியாக வேறொரு சோதனை செய்யவேண்டும். ஆக, தனி மதிப்புகளுக்கு அந்தக் கூட்டல் விதியைக் கட்டாயமாக்க இயலாது.

ஹெர்மனின் கட்டுரையைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1952-இல் டேவிட் போம், மறை மாறிகளைக் கொண்ட கோட்பாடு ஒன்றையே உருவாக்கிக் காட்டினார். 1966-இல் பெல்லின் கட்டுரை வெளிவந்த பிறகே நியூமனின் நிரூபணத்தின் எல்லை பரவலாக உணரப்பட்டது.

பெல் அதோடு நிற்கவில்லை. தொலைவிலுள்ள ஒன்று உடனடியாக இங்கே பாதிப்பை உண்டாக்காது என்ற எடுகோளை வெளிப்படையாக வைத்து, ஆய்வகத்தில் சோதிக்கத்தக்க ஒரு தேற்றத்தை 1964-இல் தந்திருந்தார். அந்த எடுகோளுக்குக் கட்டுப்பட்ட மறை மாறிகளைச் சோதனைகள் ஏற்கவில்லை. அத்தகைய சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் நியூமனின் பெருமை குன்றிவிடவில்லை. தம் எடுகோள்களை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தவர் அவர். அதனால்தான் 'இதோ இந்த இடம்' என்று ஹெர்மனால் விரல் வைக்க முடிந்தது. கறாரான கணிதத்தின் பயன் கேள்விகளை அடைப்பது அன்று. எங்கே கேட்கவேண்டும் என்று காட்டுவதே. பிழை, முடிவை மட்டும் மேற்கோள் காட்டி எடுகோளைப் படிக்காமல் விட்டவர்களுடையது.

அந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன். போட்டிச் சந்தையின் சமநிலையில், ஒருவருக்குக் குறையாமல் இன்னொருவருக்குக் கூட்ட இயலாது என்ற தேற்றத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் நிறுவினேன். எடுகோள்களை ஒரே வரியில் கடந்துவிடுவேன். நொய்யல் கரையிலிருந்து வந்த மாணவர் ஒருவர் ஒருநாள் எழுந்து, 'ஐயா, எங்கள் ஊர்க் கிணற்றில் கலக்கும் சாயக் கழிவு இதில் எந்த இடத்தில் வருகிறது?' என்று கேட்டார். எங்கும் வரவில்லை. ஒருவரின் உற்பத்தி பிறரைப் பாதிக்காது என்பதே நான் வேகமாகக் கடந்துபோன அந்த வரி. அடுத்த ஆண்டு முதல் எடுகோள்களுக்கென்றே ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கினேன்.

வளர்ச்சி, மானியம், வட்டி விகிதம் என எதைப் பற்றியும் 'கணிதப்படி இதுவே சரி' என்ற குரல் இன்று ஓங்கி ஒலிக்கிறது. அதை மறுக்க நமக்கு உயர்கணிதம் தெரிந்திருக்கவேண்டியதில்லை. 'எதை வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வந்தீர்கள்?' என்று கேட்கத் தெரிந்தால் போதும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தயங்கும் நிரூபணத்தை நாம் ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).