தமிழ்ப் பேட்டிகளுக்கு எந்த மென்பொருள்?

சிட்கோ நிறுவனம் நிர்மாணித்த நவி மும்பையின் கோபர்கைரனேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சரித்திரத்தை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்கும் ஆராய்ச்சி மாணவருக்கு, நூற்றுக்கணக்கான அப்பக்கங்களை ஆராய எந்த மென்பொருள் உகந்தது என்னும் பிரச்சினை விரைவிலேயே எழும்.

மெல்போர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் 1981-இல் தோன்றிய மூதாதை மென்பொருளிலிருந்து வளர்ந்த என்விவோ ஆயினும், இலவசமாகக் கிடைக்கும் டாகெட் ஆயினும், அடிப்படையில் செய்வது ஒன்றே: வாசிப்பவர் ஒரு பகுதிக்கு இட்ட குறியை ஞாபகம் வைத்து, அக்குறி பெற்றவற்றையெல்லாம் ஒருங்கே எடுத்துத் தருவது. அர்த்தம் காணும் பொறுப்பு வாசிப்பவருடையதே.

ஆகவே, விளம்பரங்கள் வர்ணிக்கும் வசதிகளைவிடத் தமிழ் எழுத்தை ஒரு மென்பொருள் கையாளும் விதமே எனக்குப் பிரதானமாகப் படுகிறது. 'கோ' என்பதை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாலும், இரட்டைக்கொம்பு, கால் என்னும் இரு குறிகளாலும் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை ஒருமைப்படுத்தாத மென்பொருளில் 'கோபர்கைரனே' என்று தேடினால், வேறு விதமாகப் பதிந்த பக்கங்கள் அகப்படாமலே போகும். வாடகை, வாடகையை, வாடகைக்கு என வேற்றுமை ஏற்கும் சொற்களைத் தனித்தனியே எண்ணும் மென்பொருளின் சொற்கணக்கும் நம்பத்தக்கதன்று.

பணம் செலுத்துமுன் ஒரே ஒரு பேட்டியை ஏற்றித் தேடிப் பார்ப்பது அவசியம். 2019-இல் வெளியான ரெஃபி-கியூடிஏ என்னும், மென்பொருள்களுக்கிடையிலான பரிமாற்ற வடிவத்தில் அப்பேட்டியைக் குறிகளோடு வெளியே எடுக்க இயலுமா என்பதையும் அப்போதே சோதித்துவிட வேண்டும்.